நிம்மதிக்குப் பாராட்டு விழா

நிம்மதி என்பது ஒரு காளையின் பெயர். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் இந்தக் கதையில் வருகிறவர்கள் எல்லோரும் எந்நேரமும் நிம்மதி நிம்மதி என்று பேசுவதைப் பார்த்துவிட்டு ஏதோ ஆன்மிக சமாச்சாரம் என்று நினைத்துக்கொள்ள இடமுண்டு.

கறவை மாட்டு இனவிருத்தி வாரியம் என்று ஒன்று இருந்தது. அதனிடம் காளைகள் இருந்தன. எந்தக் காளையின் ஊசியைப் போட்டால் பசு சிரமமில்லாமல் கன்று ஈனும், ஈன்ற பிறகு தாமதமில்லாமல் மறுபடி சினை பிடிக்கும் என்று வாரியம் கணக்குப் பார்த்து ஒவ்வொரு காளைக்கும் மதிப்பெண் போட்டது. அந்தக் கணக்கில் வருஷா வருஷம் நிம்மதிதான் முதலிடம். அது செத்து நாலு வருஷமாகியும் முதலிடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அதன் விந்து உறைய வைக்கப்பட்டுத் தொட்டி தொட்டியாக இருந்ததால், செத்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாரியத்தில் அதைப் பற்றிப் பேசும்போது 'பணி ஓய்வு பெற்ற' என்று மரியாதையாகச் சொன்னார்கள்.

இனி டெய்லர். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. தெருவில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. காலையிலிருந்து மாலை வரை வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பள்ளிச் சீருடைகள் தைப்பார். மாட்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. நாலு காலில் நிற்கும் பொருள்களில் அவருக்குப் பழக்கமானது தையல் மெஷின் ஒன்றுதான். மாடு அவர் மனைவியின் இலாகா. பின்னால் கொட்டகையில் இரண்டு மாடுகள் இருந்தன. பால் விற்ற வருமானத்தில்தான் மகளைப் படிக்க வைத்து, வெளியூரில் வேலைக்கும் அனுப்பியிருந்தார்கள். ஆனால் அந்தப் பெருமையில் டெய்லர் பங்கு கேட்டதில்லை.

அவருக்கென்று ஒரு பெருமை தனியாக இருந்தது. அளவு கொடுக்க வருகிற யாராவது கர்ப்பமாக இருந்துவிட்டால் போதும், நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஆரம்பித்துவிடுவார். "பயப்படவே வேணாம்மா. எங்க பொண்ணு பொறந்தப்ப ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு டீ சொன்னேன். குடிச்சு முடிக்கல, நர்ஸ் வந்து பொண்ணுன்னு சொல்லிட்டாங்க. சுகப்பிரசவம்!" இந்தப் பேச்சு நடக்கும்போது உள்ளே அவர் மனைவி பால் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். பாத்திரச் சத்தம் கொஞ்சம் கூடும். டெய்லர் அதைக் கவனித்ததில்லை.

இரண்டு மாடுகளில் சின்னது பொடிசு. பெயருக்கேற்ற உருவம். அதன் தாய் ஈன்ற கையோடு காய்ச்சலில் போய்விட, டெய்லரின் மனைவி அதற்குப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்திருந்தாள். அவள் சமையலறையில் பேசினால் அது கொட்டகையில் காதை ஆட்டும். முதல்முறை சினைக்கு வந்தபோது வாரியத்தின் ஊசிக்காரரை அழைத்து, "அண்ணே, இவ இடுப்பு ரொம்பச் சின்னது. சின்னக் கன்னு போடற காளையாப் பாத்துக் குடுங்க," என்றாள்.

"நிம்மதிதாம்மா," என்றார் ஊசிக்காரர், பெட்டியைத் திறக்காமலேயே.

"நிம்மதி வேணாம்ணே. பஞ்சர் கடைக்காரர் மாடு நிம்மதி போட்டுத்தானே செத்துச்சு?"

"அது செத்துதும்மா, இல்லைன்னு சொல்லல. ஆனா சுகமா ஈனிட்டுத்தான் செத்துச்சு. வாரியத்துல அப்படித்தான் இருக்கு."

பஞ்சர் கடைக்காரர் பக்கத்து வீடு. போன வருஷம் ஒரு விடியற்காலை அவர் கொட்டகைக்குப் போனபோது மாடும் செத்துக் கிடந்தது, பாதி வெளியே வந்த கன்றும் செத்துக் கிடந்தது. அடுத்த வாரம் வாரியத்திலிருந்து பதிவாளர் வந்தார். வீடு வீடாகப் போய் எந்த மாடு எப்படி ஈன்றது என்று கேட்டுப் பதிவு செய்வது அவர் வேலை. "ஈனும்போது யாராவது பாத்தீங்களா?" என்று கேட்டார். பஞ்சர் கடைக்காரர் இல்லை என்றார். "அப்ப சிரமப்பட்டதுக்குச் சாட்சி இல்ல. சுகம்," என்று பதிந்துகொண்டு போனார். பத்து நாளில் வாரியத்திலிருந்து பஞ்சர் கடைக்காரர் போனுக்கு வாழ்த்துச் செய்தி வந்தது. அவர் அதை அழிக்காமல் வைத்திருக்கிறார், யாராவது பேச்சுக் கொடுத்தால் காட்டுவதற்கு.

கடைசியில் பொடிசுக்கும் நிம்மதியைத்தான் போட்டார்கள். பெட்டியில் வேறு காளை இல்லை. முதலிடத்தில் இருப்பதை விட்டுவிட்டு மற்றதைச் சுமந்துகொண்டு திரிய வாரியத்தில் அனுமதி இல்லை என்றார் ஊசிக்காரர். அவர் குரலில் அதைப் பற்றி வருத்தமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. காலையிலிருந்து ஊர் சுற்றிய களைப்புதான் இருந்தது.

மாதங்கள் ஓடின. பொடிசின் வயிறு பக்கவாட்டில் பெட்டி மாதிரி புடைத்தது. சொன்ன நாள் தாண்டியது. ஒரு நாள் காலை டெய்லர் காலர் ஒன்றைத் திருப்பித் தைத்துக்கொண்டிருக்கும்போது மனைவி வந்து வாசற்படியில் நின்றாள்.

"ஏங்க, கொஞ்சம் எழுந்து வாங்க."

"இதோ, இந்தக் காலரை முடிச்சிட்டு..."

"காலர் கெடக்கட்டும். பனிக்குடம் உடைஞ்சு ரொம்ப நேரம் ஆச்சு. குளம்பு ரெண்டும் தெரியுது, அவ்வளவு பெரிசா இருக்கு. அதுக்கு மேல வரவே இல்ல. எனக்குப் பயமா இருக்குங்க."

இத்தனை வருஷத்தில் பயமாக இருக்கிறது என்று அவள் சொல்லி அவர் கேட்டதில்லை. எழுந்து போனார். பொடிசு வாலைத் தூக்கிக்கொண்டு முக்கியது; முக்கிவிட்டுக் கழுத்தை நீட்டிப் படுத்துக்கொண்டது. டெய்லர் பார்த்தார். அளவெடுத்துப் பழகிய கண். அந்தக் குளம்புக்கும் பொடிசின் இடுப்புக்கும் ஒத்துவராது என்று ஒரே பார்வையில் தெரிந்தது. வாய்க்காலருகில் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து, "டாக்டருக்குப் போன் போட்டியா?" என்றார்.

"சுவிட்ச் ஆஃப் பண்ணி வச்சிருக்காரு. வாரியத்துல இன்னிக்கு ஏதோ விழாவாம், எல்லாரும் அங்கதானாம். நேர்ல போய்க் கூட்டிட்டு வாங்க. இவ போயிட்டா நான்..." என்று ஆரம்பித்தவள் முடிக்காமல் பொடிசின் தலைமாட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

டெய்லர் ஸ்கூட்டரை எடுத்தார்.

வாரியத்தின் வாசலில் ஆளுயரப் பலகை வைத்திருந்தார்கள். 'ஈனும் பசுவைப் பார்க்காதீர்கள். அதன் தனிமையை மதியுங்கள்' என்று எழுதி, கீழே கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கும் ஒரு விவசாயியின் படம். உள்ளே இரண்டு ஜன்னல்கள். ஒன்று சிரமப் பிரிவு. இன்னொன்று சுகப் பிரிவு. டெய்லர் சிரமப் பிரிவு ஜன்னலில் தலையை நீட்டினார். உள்ளே ஓர் அம்மாள் காது குடைந்துகொண்டிருந்தார்.

"மேடம், மாடு ஈன முடியாம தவிக்குதுங்க. டாக்டரை அனுப்பணும்."

"காளை எது?"

"நிம்மதிங்க."

அம்மாள் காதிலிருந்து விரலை எடுத்தார். "நிம்மதியா? சார், இது சிரமப் பிரிவு. நிம்மதிக்கெல்லாம் பக்கத்து ஜன்னல்."

"மாடு சிரமப்படுதுங்க மேடம்."

"மாடு படும் சார். அதுக்கு நாங்க என்ன பண்றது? காளையை வச்சுத்தான் பிரிச்சிருக்கோம். சிரமக் காளைன்னு ஒரு பட்டியல் இருக்கு, அதுல ஒண்ணோட ஊசி போட்டிருந்தா இந்நேரம் டாக்டர் வண்டில ஏறியிருப்பாரு."

"சிரமக் காளை ஊசியை யாரு மேடம் போட்டுக்குவாங்க?"

"யாரும் போட்டுக்கறதில்ல," என்று அம்மாள் ஒப்புக்கொண்டார். "அதனாலதான் இங்க கூட்டமே கெடையாது." மறுபடி விரல் காதுக்குப் போனது.

சுகப் பிரிவில் மின்விசிறி நன்றாகச் சுற்றியது. அங்கே இருந்த அதிகாரி எழுந்து நின்று ஜன்னல் வழியாகவே கைகுலுக்கினார். நிம்மதி என்றதும், "வாழ்த்துக்கள்!" என்று சொல்லி, 'நிம்மதி பயனாளி' என்று அச்சடித்த அட்டை ஒன்றை டெய்லரின் சட்டையில் குத்திவிட்டார். கைப்பழக்கமாக டெய்லர் அது நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"சார், மாடு செத்துடும் போல இருக்கு. கன்னு ரொம்பப் பெரிசு."

"உக்காருங்க, பதட்டப்படாதீங்க. இதுல ஒரு மரபணு விஷயம் இருக்கு, சொல்றேன். கன்னு சுலபமா வந்தா அது காளை குடுத்த குணம். நேர்க்கூறுன்னு பேரு. கன்னு சுலபமா வரலைன்னா தாயோட இடுப்புல கோளாறு. அது தாய்வழிக்கூறு. ரெண்டும் வேற வேற. நான் நேர்க்கூறு மட்டும்தான் பாக்கறேன்."

"தாய்வழிக்கூறை யாரு பாக்கறா?"

"அதுக்கு இன்னும் ஆள் போடல." அதிகாரி இரக்கமாகவே சொன்னார். "சரி, இதுக்கு முன்னாடி உங்க வீட்ல பிரசவம் பாத்த அனுபவம் உண்டா?"

டெய்லருக்கு மூளை ஓடவில்லை. ஆனால் வாய் இருபது வருஷப் பழக்கத்தில் தானாக ஓடியது. "ஒரே பொண்ணுங்க. ஒரு டீ குடிச்சு முடிக்கல, சுகப்பிரசவம்..."

"பாத்தீங்களா! நல்ல மரபு. ஒண்ணும் ஆகாது, போங்க."

"டாக்டர் எங்க சார் இருக்காரு?"

"பின்னாடி விழாவுல. நீங்களும் போங்க, அட்டைதான் இருக்கே."

விழா மண்டபத்தில் வாரியத்தின் மொத்த ஊழியர்களும் இருந்தார்கள். வராதவர்களுக்கு அரை நாள் விடுப்பு கழிக்கப்படும் என்று சொல்லியிருந்ததால் காய்ச்சல்காரர்கள்கூடப் போர்த்திக்கொண்டு வந்திருந்தார்கள். மேடையில் நிம்மதியின் பெரிய படம். அதற்குப் போர்த்த ஒரு சால்வையைத் தட்டில் வைத்துக்கொண்டு ஒருவர் காத்திருந்தார். அவர் கை நடுங்கத் தொடங்கி வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும். இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார்.

டெய்லர் பின்வரிசையிலிருந்து டாக்டரைத் தேடினார். பின்னந்தலைகள் எல்லாம் ஒன்று போலவே தொங்கியிருந்தன. அவர் போன் அதிர்ந்தது. மனைவி. "கன்னோட நாக்கு வெளிய வந்திருக்கு. வீங்கியிருக்குங்க. எங்க இருக்கீங்க?" என்றாள். "உள்ள வந்துட்டேன், இதோ கூட்டிட்டு வந்துடறேன்," என்று அவர் கிசுகிசுத்ததற்கு முன்னிருக்கைக்காரர் திரும்பி முறைத்தார்.

"நண்பர்களே!" என்றார் இயக்குநர். "நம்மைக் குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் இன்று பதில் சொல்கிறேன். நிம்மதியின் ஊசி போட்ட பசுக்கள் ஈன்ற பிறகு மறுபடி சினை பிடிப்பதில்லை என்கிறார்கள். நம் கணக்கு என்ன? ஒரு ஈற்றுக்கும் அடுத்த ஈற்றுக்கும் எத்தனை நாள் இடைவெளி என்று பார்க்கிறோம். அடுத்த ஈற்றே இல்லாத பசுவுக்கு இடைவெளி ஏது? இடைவெளி இல்லாததைக் கணக்கில் சேர்த்தால் அது கணக்கா? எனவே சினை பிடிக்காத பசுக்கள் நம் கணக்கில் இல்லை. கணக்கில் இருக்கிற பசுக்கள் அனைத்தும் சினை பிடித்தவை. நூற்றுக்கு நூறு!"

கைதட்டல். தூங்கியவர்கள் தட்டிவிட்டு மறுபடி தூங்கினார்கள்.

"ஈனும்போது பசுக்கள் இறக்கின்றன என்கிறார்கள். அப்படி இறந்த ஒரு பசுவாவது நம்மிடம் புகார் கொடுத்ததுண்டா? கன்று ஈனும் குணம் பரம்பரையாக வருவது மிகமிகக் குறைவு என்று விஞ்ஞானம் சொல்கிறது. மற்றபடி எல்லாம் தீவனம், பராமரிப்பு, பக்கத்தில் ஆள் இருப்பது. நான் மறுக்கவில்லை. அந்த மிகமிகக் குறைவான பகுதிக்காகத்தான் இந்த மிகமிகப் பெரிய வாரியத்தை நாம் நடத்துகிறோம்! மற்றதையெல்லாம் பார்த்துக்கொள்ள விவசாயிகள் இருக்கிறார்கள். இப்போது ஒரு பயனாளி நன்றி சொல்வார்."

நன்றி சொல்ல ஏற்பாடு செய்திருந்த பயனாளி வரவில்லை. காரணம் யாருக்கும் தெரியவில்லை. அவர் மாடும் அன்று ஈன்றுகொண்டிருந்திருக்கலாம். விழாப் பொறுப்பாளர் வியர்க்க வியர்க்க மண்டபத்தைத் துழாவினார். டெய்லரின் சட்டையில் அட்டை தெரிந்தது. அடுத்த நிமிஷம் டெய்லரை இரண்டு பேர் முழங்கையைப் பிடித்து மேடையில் ஏற்றியிருந்தார்கள்.

"நிம்மதி பற்றி நாலு வார்த்தை," என்றார் இயக்குநர், ஒலிவாங்கியை நீட்டி.

டெய்லர் ஜன்மத்தில் மேடையேறியவர் இல்லை. "ஐயா, என் மாடு சாகப்போகுது," என்றார்.

இயக்குநர் ஒலிவாங்கியை வாங்கி, "இன்னும் சாகவில்லை என்கிறார்!" என்றார். கைதட்டல். மறுபடி ஒலிவாங்கி டெய்லரிடம் வந்தது.

"கன்னு மாட்டிக்கிட்டிருக்குங்க. குளம்பு ரெண்டும் வெளிய இருக்கு, நாக்கு வீங்கிடுச்சாம். டாக்டர் வேணும். நான் பாத்துட்டுத்தான் வரேன்."

"என்ன சொன்னீர்கள்?"

"டாக்டர் வேணும்."

"அதற்குப் பிறகு."

"பாத்தேன்னு சொன்னேன்."

சால்வைக்காரர் தட்டைக் கீழே வைத்துவிட்டார். இயக்குநர் ஒலிவாங்கியைக் கையால் பொத்தினார். மேடையில் இருந்தவர்கள் எல்லோரும் டெய்லரைச் சுற்றி வந்து நின்றார்கள். யாரும் கோபப்படவில்லை. வீட்டில் திருடன் புகுந்ததாகக் கேள்விப்பட்டவர்கள் மாதிரி தாழ்ந்த குரலில் ஆளுக்கொன்றாகக் கேட்டார்கள்.

"கண்ணாலயா பாத்தீங்க?"

"எதுக்குப் பாத்தீங்க? வாசல்ல பலகை வச்சிருக்கோமே, படிக்கலையா?"

"வேற யாராவது பாத்தாங்களா?"

"என் சம்சாரம் அங்கதாங்க இருக்கா. காலையிலேர்ந்து பாத்துட்டுத்தான் இருக்கா."

"ரெண்டு பேரா!" என்று யாரோ பெருமூச்சு விட்டார். இயக்குநர் டெய்லரின் தோளில் கை போட்டு, தகப்பன் மாதிரி பேசினார். "பாருங்க, நிம்மதிக்கு இதுவரைக்கும் சிரமம்னு ஒண்ணுகூடப் பதிவானதில்ல. இந்த ஒரு காளையைக் காட்டித்தான் வாரியமே நடக்குது. நீங்க இப்ப அமைதியா வீட்டுக்குப் போங்க. போய்க் கொட்டகைக் கதவைச் சாத்திட்டு, சம்சாரத்தையும் உள்ள கூட்டிக்கோங்க. எல்லாம் சுகமாயிடும்."

அந்தச் சமயத்தில் நாலாவது வரிசையில் ஒருவர் எழுந்து நின்றார். மாட்டு டாக்டர். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தவர் காலால் துழாவிப் போட்டுக்கொண்டு, கை தூக்கி, "சார், பாத்ரூம் போயிட்டு வரேன்," என்றார். பள்ளிக்கூடப் பையன் மாதிரிதான் கேட்டார். இயக்குநர் எரிச்சலோடு தலையாட்டினார். டாக்டர் பக்கவாட்டுக் கதவுக்குப் போகும் வழியில் டெய்லரைப் பார்த்துக் கண்ணால் வெளியே காட்டினார்.

ஸ்கூட்டரில் டெய்லருக்குப் பின்னால் உட்கார்ந்ததும் டாக்டர் சொன்னார்: "நான் வந்தேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க. நான் இப்ப பாத்ரூம்ல இருக்கேன்."

"சரிங்க டாக்டர்."

"போன மாசமும் இதே மாதிரி ஒரு தடவை பாத்ரூம் போனேன். சர்க்கரை வியாதின்னு நினைச்சுட்டிருக்காங்க." சிரிப்பதற்காகச் சொன்னதாகத் தெரியவில்லை.

கொட்டகையில் பஞ்சர் கடைக்காரர் கயிறோடு நின்றிருந்தார். டெய்லரின் மனைவி பொடிசின் தலையை மடியில் வைத்திருந்தாள். அதற்கு முக்கத் தெம்பில்லை. கண் மட்டும் அவள் முகத்திலேயே இருந்தது. டாக்டர் விழாச் சட்டையைக் கழற்றிக் கம்பத்தில் மாட்டினார். தோள் வரை சோப்பு நுரையைத் தடவிக்கொண்டு தரையில் படுத்துக் கையை உள்ளே விட்டார். வெகுநேரம் துழாவினார். பிறகு, "கன்னு போயிடுச்சும்மா. தாயைக் காப்பாத்தப் பாப்போம்," என்றார்.

அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

கன்றின் கால்களில் குளம்புக்கு மேலே கயிற்றைக் கட்டினார்கள். பொடிசு முக்கும்போது மட்டும் இழுக்க வேண்டும், அது ஓய்ந்தால் நிறுத்த வேண்டும், கீழ்நோக்கி இழுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிக்கொடுத்தார். டெய்லரும் பஞ்சர் கடைக்காரரும் இழுத்தார்கள். பொடிசு முக்கவில்லை என்றால் டெய்லரின் மனைவி அதன் காதில் ஏதோ சொல்வாள். அது எங்கிருந்தோ மிச்சம் வைத்திருந்த பலத்தை எடுத்து முக்கும். தலை வந்தது. மார்பு வந்தது. இடுப்பில் மாட்டிக்கொண்டது. டாக்டர் கன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டெய்லருக்குக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. மூடவில்லை. ஊசியில் நூல் கோக்கும்போது எப்படிப் பார்ப்பாரோ அப்படியே பார்த்துக்கொண்டு இழுத்தார். திடீரென்று எல்லாம் சேர்ந்து வந்துவிட, இழுத்த இரண்டு பேரும் மல்லாக்க விழுந்தார்கள்.

பெண் கன்று. பொடிசில் முக்கால்வாசி இருந்தது. டாக்டர் ஒரு துரும்பை எடுத்து அதன் மூக்கில் விட்டுப் பார்த்தார், விலாவைத் தேய்த்தார், பிறகு நிறுத்திக்கொண்டார். பொடிசுக்கு மூச்சு வந்துகொண்டிருந்தது.

"பொழைச்சுக்கும்," என்றார் டாக்டர் கை கழுவிக்கொண்டே. "பின்னங்கால் கொஞ்ச நாளைக்கு நிக்காது. திருப்பித் திருப்பிப் படுக்க வையுங்க. ஆனா மறுபடி சினை பிடிக்கும்னு எனக்குத் தோணல. உள்ள ரொம்பக் கிழிஞ்சிருக்கு." சட்டையைப் போட்டுக்கொண்டு, விழா முடிவதற்குள் பாத்ரூமிலிருந்து திரும்பியாக வேண்டும் என்று கிளம்பினார். பஞ்சர் கடைக்காரர் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். அவர் சொன்னது: இயக்குநர் இன்னும் பேசிக்கொண்டிருந்தாராம்.

டெய்லரின் மனைவி அழுதது அதற்குப் பிறகுதான். கன்றைப் புதைத்துவிட்டு வந்து மண்வெட்டியைச் சாய்த்து வைத்தவள், அது சரிந்து விழுந்ததற்காக அழுதாள்.

பொடிசு ஒரு வாரம் எழுந்து நிற்கவில்லை. இரண்டு பேரும் முறை போட்டுப் புரட்டிப் புரட்டிப் படுக்க வைத்தார்கள். சீருடைகள் தேங்கின. எட்டாம் நாள் அது தள்ளாடிக்கொண்டு நின்றது. நின்ற அன்றே பதிவாளர் வந்துவிட்டார், வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு நேரே கொட்டகைக்கு.

"ஈனும்போது யாராவது பாத்தீங்களா?"

"பாத்தோம்," என்றார் டெய்லர். இந்த ஒரு வார்த்தைக்காக அவர் ஒரு வாரமாகக் காத்திருந்தார். "நான் பாத்தேன். என் சம்சாரம் பாத்தா. பக்கத்து வீட்டுக்காரர் பாத்தார். ரொம்பச் சிரமம். கன்னு செத்துடுச்சு. எழுதிக்கோங்க."

பதிவாளர் தலையைச் சொறிந்தார். "நீங்கள்லாம் பாத்தது சரிதான் சார். ஆனா போன வாரம் புது உத்தரவு வந்திருக்கு. பாக்கறதுன்னா வாரியத்து ஆள் பாக்கணும். வாரியத்து ஆள் யாராவது இருந்தாங்களா?"

டெய்லர் வாயைத் திறந்தார். கம்பத்தில் டாக்டர் சட்டை தொங்கிய இடத்தைப் பார்த்தார். டாக்டருக்கும் குழந்தை குட்டி இருக்கும். தெருவில் அடுத்து எந்த மாடு மாட்டிக்கொண்டாலும் அவர் பாத்ரூம் போக வேண்டியிருக்கும். மனைவியைப் பார்த்தார். அவள் மெல்லத் தலையாட்டினாள், வேண்டாம் என்று.

"இல்ல," என்றார் டெய்லர்.

"அப்ப சுகம்," என்றார் பதிவாளர். அவரும் நல்ல மனுஷன்தான். போகும்போது பொடிசின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். "அடுத்த தடவை நிம்மதியோட மகன் வருது. பரமசுகம்னு பேரு. இன்னும் மதிப்பெண் ஜாஸ்தி."

"இவ இனிமே சினை பிடிக்கமாட்டாளாம்," என்றாள் டெய்லரின் மனைவி.

"அதைப் பத்திக் கவலைப்படாதீங்கம்மா. அது கணக்குலயே வராது."

அவர் சைக்கிள் தெரு முனை திரும்பும் வரை டெய்லர் பார்த்துக்கொண்டு நின்றார். சட்டைப்பையில் ஏதோ குத்தியது. எடுத்தால் விழா அன்று கழற்றிப் போட்டிருந்த 'நிம்மதி பயனாளி' அட்டை. அதன் ஊசி நல்ல ஊசியாக இருந்ததால் அதை மட்டும் பிய்த்து வைத்துக்கொண்டு அட்டையை அடுப்பில் போட்டார். பிறகு மெஷினில் போய் உட்காராமல் கொட்டகைக்கே வந்து, மனைவி பொடிசின் காலுக்கு ஒத்தடம் கொடுப்பதைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

மகளிடமிருந்து போன் வந்தது. ஒரு வாரமாக அவளுக்கு யாரும் முழு விவரம் சொல்லவில்லை.

"பொடிசு எப்படிப்பா இருக்கா? சுகப்பிரசவம்தானே?"

"இல்லம்மா. ரொம்பக் கஷ்டப்பட்டுட்டா. கன்னு தங்கல. நான் பக்கத்துலயே இருந்து பாத்தேன்."

"ஐயோ, நீங்களா? ரத்தத்தைப் பாத்தாலே மயக்கம் போட்டுடுவீங்களே!" மகள் அவரைத் தேற்ற வேண்டும் என்று நினைத்தாள் போலும்; குரலை மாற்றிக்கொண்டு செல்லமாகச் சொன்னாள். "விடுங்கப்பா. நானாவது உங்களுக்குக் கஷ்டம் குடுக்காம பொறந்தேன்ல? ஒரு டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள!"

டெய்லருக்கு எதிரே மனைவி ஒத்தடத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். போனில் பேசுவது அவளுக்குக் கேட்டிருந்தது. பிழிந்து முடித்த பிறகும் துணியை முறுக்கிக்கொண்டே இருந்தாள். அவர் அந்தக் கைகளைப் பார்த்தார். இருபது வருஷமாக உள்ளே பாத்திரச் சத்தம் ஏன் கூடியது என்று அப்போதுதான் அவர் மண்டையில் ஏறியது.

"அது எனக்குத் தெரியாதும்மா," என்றார் போனில். "நான் வாசல்ல இருந்தேன். உங்கம்மாகிட்ட கேளு."

போனை மனைவியிடம் நீட்டினார். அவள் அவரையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பொடிசின் பக்கத்தில் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"முதல்ல ஒண்ணு கேட்டுக்கோ," என்று ஆரம்பித்தாள். "உங்கப்பா குடிச்சது ஒரு டீ இல்ல."

சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. முன்னறையில் துணி வாங்க வந்த யாரோ இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். டெய்லர் இருந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.